இறக்கவும் ஏற்றவும் ஒரே கருவி

"இனிமே நான் கீழ இறங்கமாட்டேன். யாரும் என்னைத் தொட வேணாம்" என்று என் மனைவி சொன்னபோது நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நடக்க முடியாத காலுக்குச் செருப்பு எதற்கு என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு வெறுங்காலோடு போவது அவளுக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது இரண்டு பேருக்கும் கால் நன்றாக இருந்தது. காற்று வரும், கொசு குறைவு, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாது என்று நாங்களே பெருமை பேசிக்கொண்டோம். பிறகு அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போனது. சில வாரங்களில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. மரத்த இடத்துக்கு மேலே மட்டும் வலி குறையவே இல்லை. நோய் எலும்பை அரித்திருந்ததால் கட்டிலை யாராவது இடித்தால்கூட அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

முந்தின வாரம் நடந்ததுதான் அவளை அப்படிப் பேச வைத்தது. ஸ்ட்ரெச்சர் எங்கள் படிக்கட்டில் திரும்பாது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினோம். நான், அவளுடைய தம்பியான என் மச்சான், கீழ் வீட்டு ஆட்டோக்காரர், அவர் கூட்டி வந்த இன்னொருவர். படி திரும்புகிற இடத்தில் ஒருவருக்குக் கால் இடறியது. நாற்காலி சாய்ந்தது. விழவில்லை, பிடித்துவிட்டோம். ஆனால் பிடித்த வேகத்தில் ஒரு குலுக்கு. அவள் போட்ட சத்தத்தில் எல்லா மாடியிலும் கதவு திறந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிரசவத்தில்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. நோய் போகாது, வலி குறையும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இறங்கினால் வலி குறையும். இறங்குவதே பெரிய வலி. இதை அவளிடம் எந்த வாயால் எடுத்துச் சொல்வது? கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். "சாப்பிடாதீங்க, அரிசி மிச்சம்" என்றாள்.

தரைத்தளத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். சிட்லபாக்கத்தில் ஒன்று அமைகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதராகத்தான் பேசினார், காபிகூடக் கொடுத்தார். யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன வியாதி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "வேற ஒரு பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க சார்" என்றார். அந்தக் காபியை அவர் சட்டையிலேயே ஊற்றியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது அவள் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. "நல்லதாப் போச்சு. என் வீட்டை விட்டு நான் எங்க போறது?" என்றாள். பால்கனி ஓரத்தில் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தவள். மிஷினை நகர்த்தினால் வெளிச்சம் சரியாக விழாது என்று இடத்தைக்கூட மாற்ற விடமாட்டாள்.

ஆக, அவள் வீட்டை விட்டும் போகமாட்டாள், படியிலும் இறங்கமாட்டாள். வலி மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கழிவுக் குழியிலோ தொட்டியிலோ இறங்கியவர் மயங்கிவிட்டால், கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவருகிற குழுவுக்கு நான் பொறுப்பு. யாரும் விழாத வரைக்கும் நாங்கள் சும்மா சம்பளம் வாங்குகிறவர்கள் மாதிரித்தான் தெரிவோம். விழுந்துவிட்டால் எல்லோருக்கும் நாங்கள்தான் சாமி.

எங்கள் தொழிலில் டிசெண்டர் என்று ஒரு சாமான் உண்டு. உள்ளங்கையில் அடங்கும். கயிறு அதற்குள் வளைந்து போகும், அந்த உரசலில் பாரம் மெதுவாக இறங்கும். சொல்லப்போனால் கயிற்றுக்குப் போடுகிற பிரேக். அதில் பல வகை. புதிதாக எதை வாங்குவது என்று மீட்டிங் வைத்தால் டீ ஆறிப்போகும்வரை சண்டை போடுவோம். ஒருவருக்கு விலை முக்கியம், ஒருவருக்கு இடுப்பில் மாட்டினால் கனக்கக் கூடாது. என் கட்சி எப்போதும் ஒன்றுதான். ஆளைக் குழியில் இறக்கும்போதே அவனை எப்படி ஏற்றுவது என்று யோசித்திருக்க வேண்டும். இறக்குவதற்கு மட்டும் நன்றாக இருக்கிற சாமான், கீழே ஆள் மயங்கிய பிறகு நம்மைக் கைவிட்டுவிடும்.

அந்த வாரம் பயிற்சி நாள். மனுஷன் உயரத்தில் இருக்கிற பொம்மையைக் குழிக்குள் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தோம். பொம்மை ஆடாமல் அசையாமல், தூங்குகிற மாதிரி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ரப்பர் பொம்மைக்குக் கிடைக்கிற மரியாதை என் பெண்டாட்டிக்குக் கிடையாதா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எங்கள் பால்கனியை மனதிலேயே அளந்துகொண்டு வந்தேன்.

மச்சானிடம் சொன்னேன். பால்கனிக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து ஒரு இரும்பு உத்தரம், அதில் ஒரு கப்பி, நாற்காலியில் அக்கா, கயிற்றில் இறக்கி ஏற்றலாம். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, உங்களுக்கு என்ன பைத்தியமா? அக்காவைக் கட்டித் தொங்க விடப் போறீங்களா?"

உள்ளே கட்டிலில் இருந்து பதில் வந்தது. "தொங்க விடட்டும்டா. உங்க நாலு பேர் கையில தொங்கினதுக்கு அது எவ்வளவோ தேவலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். முதலில் நாற்காலியில் அரிசி மூட்டையை வைத்து இறக்க வேண்டும். மூட்டையின் மடியில் ஒரு தட்டு, தட்டில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றிய டம்ளர். கீழே போய் மேலே வரும்வரை ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் அவள் உட்காரமாட்டாள். "என் முதுகு அந்தத் தண்ணி மாதிரிதான், பாத்துக்கோங்க" என்றாள். எங்கள் கம்பெனியில் வெளியிலிருந்து வந்து சோதிக்கிறவர்கள்கூட இப்படி ஒரு சோதனை வைத்ததில்லை.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற தூண்களில் போல்ட் போட்டு உத்தரத்தை வெளியே நீட்டினோம். பால்கனிக் கம்பியை அறுத்து ஒரு சின்னக் கதவு வைத்தோம். அதற்குள் அசோசியேஷன் செயலாளர் ஏறி வந்துவிட்டார். "சார், பில்டிங் லுக்கே போயிடும். நாளைக்கு ஃப்ளாட் விக்கிறவங்களுக்குக் கஷ்டம்" என்றார். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. என் மனைவிதான் அவரை உள்ளே கூப்பிட்டாள். "சார், உங்க வீட்டம்மாவோட பட்டு ஜாக்கெட் ரெண்டு என்கிட்ட இருக்கு. நான் கீழ வந்தாத்தான் மேட்சா லைனிங் துணி வாங்க முடியும்" என்றாள். மனிதர் இறங்கிப் போனார்.

கம்பெனிச் சாமானைத் தொட முடியாது, அது குழிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியது. என்னிடமே பழைய சாமான்கள் இருந்தன. முதலில் எடுத்தது எட்டு. பெயருக்கேற்ற மாதிரி எட்டு என்கிற எண்ணின் வடிவத்திலேயே இருக்கும். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிற வேலையில்தான் நான் தொழிலுக்குள் வந்தேன். அப்போது என்னைத் தாங்கியது இந்த எட்டுதான், அதனால் அதன் மேல் எனக்கு ஒரு பாசம். மூட்டையைக் கட்டி வெளியே விட்டேன். எட்டுக்குள் போகிற கயிறு முறுக்கிக்கொள்ளும். எனக்குத் தெரியாததில்லை. ஆள் என்றால் காலைச் சுவரில் ஊன்றிச் சமாளிப்பான். மூட்டைக்கு ஏது கால்? இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் நாற்காலி சுற்ற ஆரம்பித்தது. டம்ளர் பறந்துபோய்க் கீழே நின்ற ஆட்டோவின் மேல் விழுந்தது. ஆட்டோக்காரர் வெளியே தலையை நீட்டினார்.

"இன்னா சார், அரிசி மூட்டை சாமி ஆடிகினு வர்து?"

மேலே கட்டிலில் அவள் சிரித்த சிரிப்பில் அவளுக்கே வலித்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்தது, குறுக்குக் கம்பிகளை அடுக்கிச் செய்த ஒன்று. கயிற்றைக் கம்பிகளுக்கு மேலும் கீழுமாகக் கோத்து விட வேண்டும். பாரம் கூடினால் ஒரு கம்பி சேர்க்கலாம், குறைந்தால் எடுக்கலாம். இறக்குவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூட்டை தரையைத் தொடும்வரை தண்ணீர் அசையவே இல்லை. மச்சான் கீழே இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "சரி, இப்ப மேல ஏத்துங்க" என்றாள் அவள்.

அங்கேதான் மாட்டினேன். கம்பிச் சாமானில் ஏற்ற வழியில்லை. ஏற்ற வேண்டுமென்றால் பாரத்தை இன்னொரு கயிற்றில் நிறுத்திவிட்டு, இதைக் கழற்றி, வேறு சாமான் மாட்டி, பிறகு பாரத்தை அதற்கு மாற்ற வேண்டும். குழிக்குப் பக்கத்தில் என்றால் குழு நிற்கும், ஒருவர் பிடிக்க ஒருவர் மாற்றுவார். இங்கே நானும் மச்சானும்தான். பாதியில் நிறுத்தி மாற்றிப் பார்த்தேன். பாரம் ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத் தாவும்போது ஒரு சாண் இறங்கி டக்கென்று நின்றது. தட்டெல்லாம் தண்ணீர்.

"அந்த ஒரு சாண் என் முதுகுல இறங்கியிருந்தா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

கடைசியில் கைப்பிடி வைத்த டிசெண்டரை வாங்கினேன். கைப்பிடியை இழுத்தால் பாரம் இறங்கும், விட்டால் நிற்கும். பயத்தில் அளவுக்கு மீறி இழுத்துவிட்டாலும் நிற்கும். அதைவிட முக்கியம், கயிற்றை இழுத்து ஏற்றும்போது இழுத்த வரைக்கும் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வழுக்க விடாது. அந்தரத்தில் நிறுத்தி, எதையும் கழற்றாமல், கூட ஒரு கப்பியை மாட்டி இறக்குவதை ஏற்றுவதாக மாற்றிக்கொள்ளலாம். குறை இல்லாமல் இல்லை. உரசல் அதிகம் என்பதால் ஏற்றுகிறவனுக்கு இடுப்பு ஒடியும். ஏற்றுவதற்கென்றே இருக்கிற தனிச் சாமானில் இதைவிட லேசாக வரும். ஆனால் லேசு யாருக்கு வேண்டும், எனக்கா அவளுக்கா? என் இடுப்பு ஒடிந்தால் தடவிக்கொள்ள வீட்டில் தைலம் இருக்கிறது.

அதிலும் முதலில் சிந்தத்தான் செய்தது. கைப்பிடியைத் திறக்கிற நொடியில் ஒரு சின்ன உதறல். திரும்பத் திரும்பச் செய்தேன், திரும்பத் திரும்பச் சிந்தியது. எரிச்சலில் டம்ளரை எட்டி உதைக்கப் போனேன். அவள் சொன்னாள்: "தையல் மிஷினை எடுத்த எடுப்புல மிதிச்சா நூல் அறுந்துடும். மொதல்ல சும்மா தொடுங்க. அது கிளம்பட்டும், அப்புறம் மிதிங்க." கைப்பிடியைத் தொட்டபடி காத்திருந்தேன். கயிறு நகர ஆரம்பித்ததை விரல் உணர்ந்த பிறகு மெதுவாக இழுத்தேன். மூட்டை கீழே போனது, மேலே வந்தது. டம்ளரைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, "நாளைக்குப் போலாம்" என்றாள்.

நைட்டியோடு தெருவுக்கு மேலே தொங்கமாட்டேன் என்று நாற்காலியைச் சுற்றி ஒரு பழைய புடவையில் பாவாடை மாதிரி மறைப்பு தைக்கச் சொல்லியிருந்தாள். தைத்தது என் மச்சான் மனைவி, திட்டித் திருத்தியது இவள். மறுநாள் காலையில் நாற்காலியில் பெல்ட்டெல்லாம் போட்டு உட்கார வைத்தோம். இரண்டு கயிறு. ஒன்று என்னுடையது, பால்கனிச் சுவரில் மாட்டிய டிசெண்டர் வழியாக. இன்னொன்று காவலுக்கு, மச்சான் கையில். என் கயிற்றுக்கு ஏதாவது ஆனால் அது பிடித்துக்கொள்ளும்.

பால்கனிக் கதவைத் திறந்து நாற்காலியை வெளியே தள்ளினோம். காலுக்குக் கீழே தரை போனதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் இறங்கியது.

"விட்டுடாதீங்க."

"நீ கையை விட்டாத்தான்மா நான் கைப்பிடியைப் பிடிக்க முடியும்."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள். நான் கைப்பிடியைத் தொட்டேன், காத்திருந்தேன், கயிறு கிளம்பியது. அவள் என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமலே இறங்கிப் போனாள். எத்தனையோ பேரைக் குழிகளில் இறக்கியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி ஒவ்வொரு சாணையும் எண்ணிக்கொண்டு இறக்கியதில்லை. கீழே ஆட்டோக்காரர் நாற்காலியை ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"யக்கா, ஹெலிகாப்டர்ல வந்து எறங்குன மாரி ஷோக்கா கீது!"

"வலிச்சுதா?" என்று மேலே இருந்து கத்தினேன். இல்லை என்று கையை ஆட்டினாள். பால்கனிக் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு நான் அழுதேன். மச்சான் பார்க்காத மாதிரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து ஏற்றியதுதான் உண்மையான வேலை. டிசெண்டருக்கு முன்னால் கயிற்றைக் கவ்வுகிற ஒரு கிளிப்பையும் கப்பியையும் மாட்டிவிட்டால் பாரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். ஆனால் மூன்று மடங்கு கயிறு இழுக்க வேண்டும். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு ஹாலுக்குள் போவேன், டிவியைத் தாண்டி, சமையலறை வாசல்வரை. நிறுத்துவேன், டிசெண்டர் கவ்வும், கப்பியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி மறுபடி இழுப்பேன். மச்சான் தன் கயிற்றைக் கூடவே ஏற்றிக்கொண்டு வருவான். இரண்டாவது மாடிக்கு நேராக வந்ததும், "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சத்தம் போட்டாள். பதறிப்போய் நிறுத்தினேன். அந்த வீட்டம்மாவிடம், "அக்கா, ரசம் பொங்குது பாருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தம்மா அலறி அடித்துக்கொண்டு ஓடியது எனக்குக் கேட்டது. "ம், இழுங்க" என்றாள்.

கதிர்வீச்சு முடிந்தது. டாக்டர் சொன்ன மாதிரி வலி குறைந்தது. அதற்குப் பிறகும் இறங்கினாள். குரோம்பேட்டை மார்க்கெட்டில் ஆட்டோவில் இருந்தபடியே வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் திட்டு வாங்கினாள். துணிக்கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தி லைனிங் துணியை வெயிலில் விரித்துக் காட்டச் சொன்னாள். செயலாளர் வீட்டு ஜாக்கெட்டை மச்சான் மனைவி கையால் தைக்க வைத்து முடித்தாள். தெருப் பிள்ளைகள் அவள் இறங்கும்போது டாட்டா காட்டுவார்கள், இவளும் காட்டுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு உட்கார்ந்து இதை எழுதும்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் கயிற்றை மாட்டும்போது விசில் அடித்ததாக மச்சான் சொல்கிறான். இருக்கலாம்.

ஒருநாள் ஏற்றி முடித்து, அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு பால்கனியில் சாமானைக் கழற்றிக்கொண்டிருந்தோம். மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, இன்னைக்கு ஈஸியா வந்துச்சு இல்ல?"

"கப்பிக்கு எண்ணெய் போட்டேன். வாயை மூடிக்கிட்டு கயிறைச் சுத்து" என்று விழுந்தேன். அவன் மூஞ்சி சுருங்கிவிட்டது. நான் எண்ணெய் போடவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரித் தராசு சொல்வதற்கு முன்னாலேயே எங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுலபமாக வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை, கஞ்சியும் பாதியில் போதும் என்பாள், கன்னம் ஒட்டிப்போனது. கண்ணால் பார்க்கும்போது, இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறாள் என்று ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. கயிற்றிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. கடைசியில் கூடுதல் கப்பி தேவையே இல்லை, நேராக இழுத்தாலே வந்திருப்பாள். ஆனாலும் நான் அதைக் கழற்றவில்லை. நானும் மச்சானும் பேசி வைத்துக்கொள்ளாமலே மூச்சு வாங்க ஆரம்பித்தோம். "அப்பாடா" என்பான் அவன். "பிடிடா, பிடிடா" என்பேன் நான். வேர்க்காத நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொள்வேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

பிறகு டாக்டர், இனி சிகிச்சை என்று ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இறங்க வேண்டிய வேலை முடிந்தது. அவள் பல நாள் கட்டிலிலேயே கிடந்தாள். மழைக்காலம் வந்தது. மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"சிட்லபாக்கம் ஏரி நிறைஞ்சிருக்காமே. ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அதுதான் கடைசித் தடவை என்று இரண்டு பேருக்குமே தெரியும். மச்சானைக் கூப்பிட்டேன், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான். ஆட்டோக்காரர் சீட்டில் தலையணை போட்டு வைத்துவிட்டுக் கீழே காத்திருந்தார். அவளுக்குப் புடவை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் பெல்ட்டை இறுக்கினேன். கடைசித் துளைவரை இழுத்த பிறகும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டிச் செருகினேன். கதவைத் திறந்து வெளியே விட்டோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அதற்கெல்லாம் பயந்த காலம் போய்விட்டது.

கைப்பிடியைத் தொட்டேன். காத்திருந்தேன். கயிறு கிளம்பவில்லை.

கொஞ்சம் இழுத்தேன். நகரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா, எங்காவது முறுக்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மேலே கப்பியைப் பார்த்தேன். மச்சான் கயிறு இறுக்கிப் பிடிக்கிறதோ என்று அவனைப் பார்த்தேன். அவன் தளர்வாகத்தான் விட்டிருந்தான். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி தொட்டேன், இழுத்தேன். அவள் எனக்கு எதிரே, எட்டித் தொடுகிற தூரத்தில், அந்தரத்தில் அப்படியே இருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிசெண்டர் வாங்கும்போது நாங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், எவ்வளவு பாரம் தாங்கும்? எத்தனை பேர் தொங்கினால் நிற்கும்? அவ்வளவு சண்டை போட்டிருக்கிறோமே, எவ்வளவு குறைந்தால் இது இறங்காமல் போகும் என்று ஒருத்தரும் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அரிசி மூட்டையை முழுசாகக் கட்டித்தான் சோதித்தேன். கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற அளவுக்கு அவளிடம் பாரம் இல்லை.

"என்ன, மாட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். குரல் மெலிந்துபோயிருந்தது, எதிரே இருந்ததால் கேட்டது.

"மழையில கயிறு ஊறிப்போச்சும்மா. உப்பிக்கிட்டுப் போக மாட்டேங்குது."

தன் முகத்துக்கு முன்னால் நின்ற கயிற்றை அவள் இரண்டு விரலால் பிடித்து நெருடிப் பார்த்தாள். வாழ்நாள் எல்லாம் துணியைத் தொட்டே என்ன ரகம் என்று சொன்ன விரல்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க மிஷினுக்கு என் வெயிட்டு பத்தல, அதானே?"

மச்சான் கயிற்றைப் பிடித்தபடியே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கயிற்றில், கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

"அழுவுறதைக் கீழ வந்து அழுங்க. வெயில் ஏறுது. தள்ளி விடுங்க, போறேன்."

கைப்பிடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை ஒரு பிடி டிசெண்டருக்குள் தள்ளினேன். அவள் ஒரு பிடி இறங்கினாள். நின்றாள். இன்னொரு பிடி தள்ளினேன். இன்னொரு பிடி இறங்கினாள். இரண்டாவது மாடி, முதல் மாடி, ஆட்டோக்காரர் ஏந்திய கை வரைக்கும் என் மனைவி தானாக இறங்கவே இல்லை. அவளை நான்தான், என் கையாலேயே, பிடி பிடியாகத் தள்ளி இறக்கினேன்.